எள்ளலும் ஏற்றமும்: ஆல்பர்ட் ஸ்மித்தின் மாண்ட் பிளாங்க் தனியாள் நிகழ்த்துகை

ஆய்வுச் சுருக்கம்

விக்டோரியா கால இங்கிலாந்தில் நகைச்சுவை எழுத்தாளராக அறியப்பட்ட ஆல்பர்ட் ஸ்மித் (1816–1860), ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மாண்ட் பிளாங்க் சிகரத்தில் தாம் ஏறிய பட்டறிவை 1852 முதல் 1858 வரை லண்டன் எகிப்திய மண்டபத்தில் தனியொருவராக நிகழ்த்தினார். பேச்சு, பாட்டு, பலகுரல் நடிப்பு, நகரும் ஓவியத்திரை ஆகியவை இணைந்த அந்நிகழ்த்துகையின் அமைப்பையும் அதில் நகை இயங்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. தன்னையே எள்ளுதல் வழியாக நிகழ்த்துநர் பெருமிதத்தை அடைந்தமையும், அதே நகை மலையேற்றத்தைச் சுமந்த வழிகாட்டிகளின் உழைப்பைப் பின்னுக்குத் தள்ளியமையும் இங்கு ஆராயப்படுகின்றன. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் கலைச்சொற்கள் பகுப்பாய்வுக் கருவியாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தனியாள் நிகழ்த்துகை, நகை, பெருமிதம், நகரும் ஓவியத்திரை, எகிப்திய மண்டபம், கனவான்.

1. முன்னுரை

சாகசப் பயணி என்னும் மாந்தவகை பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலப் பண்பாட்டில் பெரும் மதிப்பைப் பெற்றிருந்தது. தொலைநிலங்களுக்குச் சென்று மீண்டவர் நூல் எழுதினார், கழகங்களில் உரையாற்றினார், பதக்கம் பெற்றார். அவ்வாறு மீண்டவர் தம் வீரத்தைத் தாமே நகைப்புக்கு உரியதாக்கி, நாள்தோறும் கட்டணம் பெற்று மேடையில் நிகழ்த்துவது அம்மதிப்புக்கு ஊறு விளைவிக்கும் என எதிர்பார்க்கலாம். ஸ்மித்தின் வரலாறு இதற்கு மாறான விடையைத் தருகிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் முறை நிகழ்ந்த அவருடைய காட்சி அவரை நகைப்புக்கு உரியவராக்கியது, செல்வராக்கியது, அரசவையில் ஏற்கப்பட்டவராகவும் ஆக்கியது. நகையும் பெருமிதமும் ஒரே மேடையில் எவ்வாறு ஒன்றையொன்று தாங்கின என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

நிகழ்த்துகலை ஆய்வில் எழும் சான்றுச் சிக்கல் இங்கும் உண்டு. ஸ்மித் ஒவ்வொரு பருவத்திலும் நிகழ்ச்சியை மாற்றிக்கொண்டே இருந்தார். அன்றாடச் செய்திகளுக்கு ஏற்பப் பாட்டின் அடிகள் மாறின. எனவே நிலைத்த பனுவல் என ஒன்றைச் சுட்டுதல் அரிது. அவர் 1853இல் வெளியிட்ட மாண்ட் பிளாங்க் வரலாற்று நூல், பார்வையாளருக்கான அச்சுக் கையேடுகள், இதழ்ச் செய்திகள், செதுக்கோவியங்கள் ஆகியவையே சான்றுகள். ரிச்சர்ட் ஆல்டிக் 1978இல் வெளியிட்ட லண்டன் காட்சிகள் பற்றிய நூலும், பீட்டர் ஹான்சன் 1995இல் வெளியிட்ட ஸ்மித், ஆல்பைன் கழகம் குறித்த ஆய்வுக் கட்டுரையும் இச்சான்றுகளைத் தொகுத்துப் பொருள்காண வழிவகுத்தன.

2. நிகழ்த்துநரின் பின்புலம்

ஸ்மித் சர்ரே மாவட்டத்தின் செர்ட்சி என்னும் சிற்றூரில் அறுவை மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையிலும் பாரிசிலும் மருத்துவம் பயின்றார். தொழிலில் நிலைக்காமல் இதழியலுக்கு வந்து, 'பஞ்ச்' நகைச்சுவை இதழின் தொடக்ககால எழுத்தாளர்களுள் ஒருவரானார். 1847இல் அவர் எழுதிய சிறு நூல் 'ஜென்ட்' என்னும் மாந்தவகையின் இயற்கை வரலாற்றைக் கூறுவது. கனவானைக் குறிக்கும் 'ஜென்டில்மேன்' என்னும் சொல்லின் குறுக்கமே 'ஜென்ட்'. கனவானின் உடையையும் நடையையும் மலிவாகப் போலி செய்யும் நகர இளைஞனை விலங்கியல் நூலின் நடையில் அந்நூல் எள்ளியது. கனவான் யார், கனவானைப் போல் நடிப்பவர் யார் என்னும் வினா மலையேற்றத்திற்கு முன்பே ஸ்மித்தின் எழுத்தில் மையம் பெற்றிருந்தது என்பது கருதத்தக்கது.

மாண்ட் பிளாங்க் மீதான ஈடுபாடு அவருக்கு இளமையிலேயே தோன்றியது. சாமொனி உழவர்களைப் பற்றிய சிறுவர் நூல் ஒன்றை அவர் படித்தார். 1820இல் ஹாமெல் என்பவரின் பயணக்குழு பனிச்சரிவில் சிக்கி மூன்று வழிகாட்டிகள் இறந்த நிகழ்ச்சியை அந்நூல் கூறியது. சிறுவன் ஸ்மித் அக்காட்சிகளை ஓவியச் சுருளாகச் செய்து தங்கைக்குக் காட்டி விளக்கினான். 1838இல் முதன்முறை சாமொனி சென்று மீண்டபின், அவ்வோவியங்களைப் பெரிதாக்கிச் சிற்றூர்களில் ஆல்ப்ஸ் பற்றிய உரைகளை நிகழ்த்தினார். மலையில் ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மலையை நிகழ்த்தத் தொடங்கிவிட்டார் என்பது இதனால் பெறப்படும். ஏற்றம் முதலில் நடந்தது, நிகழ்த்துகை அதன் பின்விளைவு என்னும் பொதுக்கருத்து இங்குத் தலைகீழாகிறது.

3. தனியாள் நிகழ்த்துகை மரபு

ஒருவரே பல மாந்தராகத் தோன்றும் நகைச்சுவை நிகழ்ச்சி லண்டனுக்குப் புதிதன்று. சார்லஸ் மேத்யூஸ் (1776–1835) என்னும் நடிகர் 1818 முதல் 'அட் ஹோம்' என்னும் தலைப்பில் தொடர் நிகழ்ச்சிகளை நடத்தினார். மேசையருகே அமர்ந்து பயணக்கதை சொல்லி, இடையிடையே வழியில் கண்ட மாந்தரின் குரலையும் முகக்குறிப்பையும் மேற்கொண்டு, பாட்டுகளையும் பாடுவது அவர் முறை. பாரிசுப் பயணமும் அமெரிக்கப் பயணமும் அவருக்குப் பொருளாயின. பயணமே கதைக்கூறு, வழியில் எதிர்ப்படுவோரே பாத்திரங்கள் என்னும் அமைப்பை ஸ்மித் இம்மரபிலிருந்தே பெற்றார்.

இவ்வமைப்புடன் ஸ்மித் இணைத்தது நகரும் ஓவியத்திரை. நீண்ட துணியில் தீட்டிய நிலக்காட்சி இரு உருளைகளுக்கிடையே சுற்றப்பட்டு, பேச்சின் போக்குக்கு ஏற்ப நகர்த்தப்படும். புகைவண்டிப் பயணம் பரவிய காலத்தில், அமர்ந்த இடத்திலிருந்தே நகரும் நிலத்தைக் காணும் இன்பத்தை இத்திரை அளித்தது. ஸ்மித் 1850இல் நிகழ்த்திய முதற்காட்சி, எகிப்து வழியாக இந்தியாவுக்கு அஞ்சல் செல்லும் தரைவழியைப் பொருளாகக் கொண்டது. சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் பணியேற்கச் சென்ற ஆங்கிலேயர் பயன்படுத்திய வழியே அது. அதற்கும் பின்னர் மாண்ட் பிளாங்க் காட்சிக்கும் திரை தீட்டியவர் அரங்க ஓவியர் வில்லியம் பெவர்லி.

இந்நிகழ்ச்சிகள் நாடகம் என்னும் பெயரை ஏற்கவில்லை என்பது இன்றியமையாத செய்தி. நாடக அரங்குக்குச் செல்வதை ஒழுக்கக்கேடு எனக் கருதிய சமயப்பற்றுள்ள நடுத்தரக் குடும்பங்கள், 'உரை' அல்லது 'பொழுதுபோக்கு' என்னும் பெயரில் அமைந்த நிகழ்ச்சிக்குத் தயக்கமின்றி வந்தன. நிலவியல் அறிவு தருவது என்னும் தோற்றம் நகைப்புக்கு ஒப்புதல் வழங்கியது.

4. 1851ஆம் ஆண்டு ஏற்றம்

மாண்ட் பிளாங்க் சிகரத்தை 1786இல் ஜாக் பால்மா, மிஷேல் காப்ரியேல் பக்கார் ஆகிய இருவரும் முதன்முதலில் அடைந்தனர். மறு ஆண்டு ஜெனீவா அறிவியலாளர் சொசூர் ஏறினார். அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக, அறிவியல் அளவீடு என்பதே ஏறுவோர் கூறும் காரணமாக அமைந்தது. ஸ்மித் அத்தகைய காரணம் எதனையும் முன்வைக்கவில்லை.

1851 ஆகஸ்ட் 12ஆம் நாள், ஆக்ஸ்போர்டு மாணவர் மூவருடன் அவர் புறப்பட்டார். பயணிகள் நால்வர், வழிகாட்டிகள் பதினாறு பேர், இவர்களுக்கு மேல் சுமை தூக்குவோர் பலர். ஸ்மித் தம் நூலில் அச்சிட்டுள்ள உணவுப் பட்டியல் இம்மலையேற்றத்தின் தன்மையைக் காட்டும். தொண்ணூறுக்கு மேற்பட்ட திராட்சை மதுப் புட்டிகள், 46 கோழிகள், 20 ரொட்டிகள், ஆட்டுக்கால்கள், பாலாடைக் கட்டிகள், சாக்லேட் என அது நீள்கிறது. செலவு 456 பிராங்க். இரவைக் கிராண்ட் மூலே பாறையில் கழித்து, மறுநாட் காலை சிகரத்தை அடைந்தனர். உடற்பயிற்சி இல்லாத ஸ்மித் இறுதிப் பனிச்சரிவில் தளர்ந்து, மயக்கநிலையில் வழிகாட்டிகளின் துணையால் மேலே கொண்டுசெல்லப்பட்டார். உச்சியை அடைந்ததும் உறங்கிவிட்டார். கீழே இறங்கியபோது சாமொனி ஊரார் பீரங்கி வெடித்து வரவேற்றனர்.

5. அரங்கமும் காட்சியமைப்பும்

1852 மார்ச் 15ஆம் நாள் நிகழ்ச்சி தொடங்கியது. பிக்காடிலியில் 1812இல் வில்லியம் புல்லக் கட்டிய எகிப்திய மண்டபம் அதன் களம். அரும்பொருட் காட்சிக்கென எழுந்த அக்கட்டடம் விந்தைகளைக் காட்டும் இடமாகப் பெயர் பெற்றிருந்தது. ஸ்மித் அதன் உள்ளரங்கை ஆல்ப்ஸ் ஊரின் சாயலில் மாற்றினார். மேடையில் சுவிஸ் மரவீட்டின் முகப்பும், அதன் முன் நீர்நிலையும் மலைச்செடிகளும் அமைந்தன. இடைவேளையில் செயின்ட் பெர்னார்டு நாய்கள் கழுத்தில் சாக்லேட் பெட்டிகளுடன் பார்வையாளரிடையே உலவின. பனியில் சிக்கியோரைக் காப்பவை எனப் புகழ்பெற்ற விலங்குகள் குழந்தைகளுக்கு இனிப்பு வழங்கின என்பதிலேயே நிகழ்ச்சியின் முழு இயல்பும் அடங்கியுள்ளது: இடர் இனிப்பாகிறது.

ஸ்மித் மாலை உடையணிந்து, அருகில் பியானோவுடன் மேடையின் ஓரத்தில் நின்று பேசினார். முதற்பகுதி சாமொனி வரையான பயணம். இரண்டாம் பகுதி ஏற்றம். முதற்பகுதியின் வழி பருவந்தோறும் மாற்றப்பட்டமையால் முன்பே கண்டவரும் மீண்டும் வந்தனர். பயணப்பகுதியில் பக்கவாட்டில் நகர்ந்த ஓவியம், ஏற்றப்பகுதியில் மேலிருந்து கீழாக நகர்ந்தது. திரை இறங்க இறங்க, அமர்ந்திருந்த பார்வையாளர் தாமே மலைமேல் எழுவதாக உணர்ந்தனர். இருக்கைக் கட்டணம் ஒரு ஷில்லிங் முதல் மூன்று ஷில்லிங் வரை. முதல் இரு பருவங்களில் மட்டும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் கண்டனர்.

6. நகையின் இயக்கம்

தொல்காப்பியம் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகை முதலாவது. அதன் நிலைக்களன்களாக அந்நூல் சுட்டும் நான்கும் ஸ்மித்தின் நிகழ்ச்சியில் தெளிவாகப் பிரித்தறியத் தக்கவை.

பேதைமை, மடன் ஆகிய இரண்டும் முதற்பகுதியின் பயணியரிடம் அமைந்தன. தொடக்கமும் முடிவும் இன்றிக் கதை சொல்லிக்கொண்டே செல்லும் கப்பற் பொறியாளர் பேதைமைக்கு எடுத்துக்காட்டு. பிறர் கற்பித்ததைப் பற்றிக்கொண்டு அதனை விடாதிருத்தல் என உரைமரபு மடனை விளக்கும். வழிகாட்டி நூல் வியக்கச் சொன்ன இடத்தில் மட்டும் வியந்து, அயல்நாட்டிலும் இங்கிலாந்தையே தேடும் சுற்றுலாப் பயணியின் இயல்பு இதுவே. பாரிசில் வெளிவந்த 'கலிஞானி' என்னும் ஆங்கில நாளிதழைப் பொருளாகக் கொண்ட விரைவுப் பாட்டு இந்நிகழ்ச்சியில் பெரும்புகழ் பெற்றது. எங்குச் சென்றாலும் தம் நாட்டுச் செய்தித்தாளை விட்டுப் பிரியாத ஆங்கிலேயரை அது நகைத்தது. செய்திகள் மாறுந்தோறும் பாட்டின் அடிகளும் மாறின. பார்வையாளர் தம் அண்டை வீட்டாரை மேடையில் கண்டு நகைத்தனர். சிலர் தம்மையே கண்டிருக்கக் கூடும். இளமை என்னும் களன் மலையேறும் ஆசையிலேயே உள்ளது. முப்பத்தைந்து வயதினர் ஒருவர் சிறுவயதில் ஓவியச் சுருளில் கண்ட மலையை அடைய, கோழிகளும் மதுவும் சூழப் புறப்படுவது குழந்தை விளையாட்டின் நீட்சியே.

எள்ளல் இவற்றினும் நுட்பமானது. நகைக்குரிய பொருள் தன்னிடத்தும் பிறரிடத்தும் தோன்றும் எனப் பேராசிரியர் உரை பகுத்துக் காணும். முதற்பகுதியில் பிறர்மேற் சென்ற எள்ளல், இரண்டாம் பகுதியில் நிகழ்த்துநர்மேல் திரும்புகிறது. பருத்த உடலும் மூச்சுத்திணறலும் கொண்ட நகரவாசி பனிச்சுவரில் தொங்குகிறார். தம் தளர்ச்சியை அவரே சொல்லிக்காட்டுவதால், அதனைக் குறையாகச் சுட்டும் வாய்ப்பைப் பிறர் இழக்கின்றனர். இவ்விடத்தில்தான் நகை பெருமிதத்துக்குக் காவலாகிறது. தன் வீரத்தைப் புகழ்ந்துரைப்பவர் ஐயத்துக்கு ஆளாவார். தன் அச்சத்தைச் சொல்லி நகைக்க வைப்பவரின் சொல் நம்பப்படும். பனிச்சுவரின் செங்குத்தையும் அதன்கீழ் விரியும் ஆழத்தையும் ஸ்மித் மிகைப்படுத்தினார் எனப் பிற்கால ஏறுநர் குறைகூறினர். ஆயினும் அந்த மிகை அரங்கில் ஏற்கப்பட்டமைக்கு முன்னர் நிகழ்ந்த நகையே அடிப்படை.

மெய்ப்பாட்டு வரிசையில் நோக்கின், நிகழ்ச்சி நகையில் தொடங்கி, திரை எழுந்து மலை விரியும்போது மருட்கையை அடைந்து, சிகரத்தில் பெருமிதமாக முடிகிறது. மருட்கைக்குரிய புதுமையையும் பெருமையையும் பெவர்லியின் ஓவியம் அளித்தது. பெருமிதத்துக்குரிய தறுகண்மையை நிகழ்த்துநரின் சொல் அளித்தது. ஒருவரே நகைப்பவராகவும் நகைக்கப்படுபவராகவும் வியக்கப்படுபவராகவும் நிற்பதற்குத் தனியாள் வடிவமே இடந்தருகிறது. பல நடிகர் பங்கேற்கும் நாடகத்தில் இம்மூன்றும் வெவ்வேறு உடல்களுக்குப் பிரிந்து சென்றிருக்கும்.

7. தனியாள் வடிவம் மறைத்தவை

வடிவத்தின் இவ்வாற்றலே அதன் குறையும் ஆகும். மேடையில் நின்றவர் ஒருவர். மலையில் ஏறியவர் பலர். பதினாறு வழிகாட்டிகள் முன்னே சென்று பனியில் படி வெட்டினர், கயிற்றில் பயணியரைப் பிணைத்தனர், சுமந்தனர், தளர்ந்தவரை இழுத்தனர். அவர்கள் அனைவரும் ஒரு குரலின் கதைக்குள் அடங்கினர். 1820இல் மூன்று வழிகாட்டிகள் இறந்ததன் மறு ஆண்டே சாமொனி வழிகாட்டிகள் தமக்கென நிறுமம் ஒன்றை அமைத்தனர் என்பதை நோக்க, இடரின் சுமை எவர்மேல் இருந்தது என்பது விளங்கும். நிகழ்ச்சியில் இடரை அடைந்தவராகத் தோன்றியவர் பயணியே.

எனினும் வழிகாட்டிகளுக்கும் நிகழ்த்துநருக்கும் உள்ள உறவை ஏமாற்று என ஒற்றைச் சொல்லால் முடித்துவிடல் பொருந்தாது. ஸ்மித்தின் காட்சியால் சாமொனிக்கு ஆங்கிலப் பயணியர் வரவு பெருகியது. வழிகாட்டிகளுக்கும் விடுதியாளர்க்கும் வருவாய் கூடியது. கோடைதோறும் அங்குச் சென்ற ஸ்மித் மதிப்புடன் வரவேற்கப்பட்டார். உழைப்பின் பயன் அவர்களுக்கும் ஒரு பங்கு சென்றது. உழைப்பின் பெயர் மட்டும் செல்லவில்லை.

இச்சிக்கல் ஸ்மித்தின் இறுதிக் காட்சியில் வேறு வடிவில் தோன்றுகிறது. 1858இல் மாண்ட் பிளாங்க் நிகழ்ச்சியை நிறுத்திய அவர், ஹாங்காங், கான்டன் ஆகிய நகரங்களுக்குச் சென்று மீண்டு, அவ்வாண்டின் இறுதியிலேயே சீனப் பயணத்தைக் காட்சியாக்கினார். இரண்டாம் அபினிப் போரில் ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் கான்டனைக் கைப்பற்றி ஓராண்டும் நிறைவுறாத காலம் அது. சக பயணியரை எள்ளும்போது இணையானவர்களிடையே இயங்கிய நகை, போரில் வீழ்ந்த நகரைப் பொருளாகக் கொள்ளும்போது இணையின்மையின்மேல் நிற்கிறது.

8. வரவேற்பும் எதிர்ப்பும்

1854இல் ஆஸ்பர்ன் மாளிகையில் அரசி விக்டோரியா முன்னிலையில் ஸ்மித் தம் காட்சியை நிகழ்த்தினார். மாண்ட் பிளாங்க் பெயரில் பலகை விளையாட்டும் நடன இசையும் விற்பனைக்கு வந்தன. 1857 டிசம்பரில் ஆல்பைன் கழகம் லண்டனில் தோன்றியபோது அதன் தொடக்க உறுப்பினருள் ஸ்மித்தும் இடம்பெற்றார். மலையேற்றம் ஒரு விளையாட்டாக உருவானதை நடுத்தர வகுப்பினரின் தன்மதிப்பு எழுச்சியுடன் இணைத்துக் காணும் ஹான்சன், ஸ்மித்தை அவ்வரலாற்றின் மையத்தில் வைக்கிறார்.

எதிர்ப்பும் வலுவாகவே இருந்தது. ஸ்மித் ஏறிய நாட்களில் சாமொனியில் தங்கியிருந்த கலைத் திறனாய்வாளர் ஜான் ரஸ்கின், அதனை லண்டன் நகரத்து மலிவான ஆரவாரம் என்றே கருதினார். 1865இல் வெளிவந்த தம் உரைநூலில், மலையேறுவோர் ஆல்ப்ஸ் சிகரங்களைத் திருவிழா வழுக்குமரமாக ஆக்கிவிட்டனர் என்னும் கருத்தை வன்மையாக எடுத்துரைத்தார். வழிபாட்டுக்குரிய இயற்கை கேளிக்கைப் பொருளாயிற்று என்பது அவர் மனக்குறை. அக்குறையில் உண்மை உண்டு. ஆனால் மலைக்காட்சியை நுகரும் உரிமை கல்வியும் செல்வமும் உடைய சிலருக்கே உரியது என்னும் எண்ணமும் அதனுள் உறைகிறது. ஒரு ஷில்லிங் கொடுத்து மேல்தளத்தில் அமர்ந்த எழுத்தர் மலையை நேரில் காண வழியற்றவர். அவருக்கு மலையை அளித்தது ஓவியத்துணியும் ஒரு மனிதரின் குரலுமே.

தனியாள் மேடை வணிகத்திற்கும் இந்நிகழ்ச்சி வழிகாட்டியது. ஸ்மித்தின் காட்சியை நிருவகித்த அவர் தம்பி ஆர்தர் ஸ்மித், 1858இல் சார்லஸ் டிக்கன்ஸ் தம் கதைகளைக் கட்டணம் பெற்றுப் பொதுமக்களிடையே வாசிக்கத் தொடங்கியபோது அவருக்கு மேலாளரானார். டிக்கன்ஸ் தம் பாத்திரங்களின் குரல்களை ஒருவராக நின்று மேற்கொண்ட வாசிப்புகளுக்குப் பின்னே எகிப்திய மண்டபத்தில் பெற்ற நிருவாகப் பட்டறிவும் இருந்தது.

9. முடிவுரை

1860 மே மாதத்தில் நாற்பத்து நான்காம் வயதின் நிறைவை எட்டுமுன் ஸ்மித் மறைந்தார். எகிப்திய மண்டபம் 1905இல் இடிக்கப்பட்டது. எஞ்சிய சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, நகை பெருமிதத்துக்குப் பகை என்னும் பொதுக்கருத்து எல்லா இடத்தும் பொருந்தாது. தன்கண் தோன்றும் எள்ளல், ஐயுறத்தக்க பெருமிதத்தை ஏற்கத்தக்கதாக மாற்றவல்லது. இரண்டாவது, தனியாள் நிகழ்த்துகை பல குரல்களை ஓருடலில் தொகுக்கும்போது, எக்குரல்கள் தொகுக்கப்படுகின்றன, எவை உரையாடலின்றிப் பின்னிற்கின்றன என்பது அவ்வடிவத்தின் அழகியல் வினா மட்டுமன்று. அறவியல் வினாவும் ஆகும். மூன்றாவது, மெய்ப்பாட்டியலின் பகுப்புகள் தமிழ்ச் செய்யுளுக்கு அப்பாற்பட்ட நிகழ்த்துகலைகளையும் நுணுகி நோக்க உதவுகின்றன. குறிப்பாக, நகைப்பவர், நகைக்கப்படுபவர் ஆகியோரின் நிலைகளைப் பிரித்துக் காணும் உரைமரபு, ஒருவரே இருநிலையும் ஏற்கும் மேடையை ஆராய ஏற்ற கருவியாக அமைகிறது.

ஸ்மித்தின் பார்வையாளர் நகைத்துக்கொண்டே மலையுச்சியை அடைந்தனர். அவர்களை அங்குக் கொண்டுசேர்த்த கயிற்றின் மறுமுனையில் யார் இருந்தனர் என்பதை மீட்டுரைப்பது நிகழ்த்துகலை வரலாற்றின் பணி.